குழாய் பக்கம்

கட்டிலில் மல்லாந்து கிடந்தவர் நோயாளி அல்ல, பஸ் டிரைவர். பஸ்களெல்லாம் டிப்போவில் வரிசையாக நின்று தூசி குடித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவருக்குக் கிடைத்த வேலை இது ஒன்றுதான். காலைச் சாப்பாடு முடிந்ததும் சலவைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கட்டிலில் போய்ப் படுத்துவிடுவார். எதிரே மேசைமேல் லேப்டாப். அதற்குள் சின்னச் சின்னக் கட்டங்களில் நர்சிங் மாணவர்களின் முகங்கள்.

"நோயாளிக்கு எதுக்குங்க தலை சீவல்?" என்பாள் மனைவி.

"இத்தனை பேர் பாக்கறாங்க. நாளைக்கு இவங்க என் பஸ்ல ஏற மாட்டாங்களா? டிரைவர்னு ஒரு மரியாதை வேணாமா?"

மனைவி நர்சிங் பள்ளியில் டியூட்டர். பல வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் சொல்லித்தர வந்தவள். நோய் ஊரைப் பிடித்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக் கதவு மாணவர்களுக்கு மூடிவிட்டது. நோயாளிகளுக்கே இடம் போதாத நேரத்தில், கற்றுக்கொள்கிறேன் என்று வருகிற பிள்ளைகளை எங்கே நிறுத்துவது? அதனால் ஊசி போடுவதைத் தலையணையிலும், கட்டுப் போடுவதைக் கட்டில் காலிலும், மற்ற எல்லாவற்றையும் டிரைவர் மேலும் அவள் சொல்லிக்கொடுத்துவந்தாள்.

எல்லாப் பாடத்திலும் பெரிய பாடம், நோயாளியைக் குப்புறத் திருப்புவது. இந்த நோயில் நுரையீரல் முதுகுப் பக்கமாக அடைத்துக்கொள்கிறது. குப்புறப் படுக்க வைத்தால் மூச்சு கொஞ்சம் தாராளமாகப் போய்வரும். சொல்ல ஒரு வரி, செய்ய ஐந்து ஆள். தலைமாட்டில் நிற்பவர் மாஸ்க்கையும் ஆக்ஸிஜன் குழாயையும் பிடித்துக்கொண்டு எண்ண வேண்டும். தோள் அருகே இரண்டு பேர், இடுப்பு அருகே இரண்டு பேர். முதலில் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, பிறகு ஒருக்களித்து, அப்புறம் குப்புற. எல்லாக் கையும் ஒரே கை மாதிரி நகர வேண்டும். ஒரு கை தப்பினால் குழாய் கழன்று கையோடு வந்துவிடும்.

"நம்ம ஆஸ்பத்திரியில குழாய் நோயாளிக்கு வலது பக்கம் சுவத்துல இருக்கும். அதனால எப்பவும் வலது பக்கமாத்தான் திருப்பணும். மனசுல வச்சுக்கோங்க" என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் நின்று அப்பாவைப் புரட்டினார்கள்.

"மெதுவாடா. லக்கேஜ் ஏத்தறவன்கூட இப்படி உருட்ட மாட்டான்" என்று தலையணைக்குள்ளிருந்து டிரைவரின் குரல் வந்தது. கட்டங்களுக்குள் எல்லா முகமும் சிரித்தது.

வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளும் இருந்தார்கள். நெட்டுக்குக் காசு கட்டி முடியாதவர்கள், சிக்னல் எட்டாத இடத்தில் வீடு உள்ளவர்கள், வீட்டிலிருக்கிற ஒரே போனைத் தம்பி தங்கைகளோடு பங்கு போட்டுக்கொள்கிறவர்கள். அவர்களுக்காக அவள் அதே பாடத்தை மறுபடி தன் போனில் படம் பிடித்து அனுப்பினாள். படம் பிடிக்க ஆள் கிடையாது. போனை ஊறுகாய் ஜாடிமேல் சாய்த்து, தான் படத்துக்குள் இருக்கிறோமா என்று தானே பார்த்துக்கொள்ள வசதியாக, முகம் பார்க்கும் முன்பக்கக் கேமராவை வைத்துக்கொண்டாள். ஒரே பாடத்துக்காக ஒரு நாளில் இரண்டு முறை புரட்டப்படுவதைப் பற்றி டிரைவர் முணுமுணுத்தார். ஆனாலும் படுத்துக்கொடுத்தார். உதவி என்றால் அது பல சமயம் இவ்வளவுதான்: படு என்றால் படுப்பது.

பிள்ளைகள் அவரவர் வீட்டில் அவரவர் ஆட்களை வைத்துப் பழகினார்கள். 'ரேடியோ' என்று பேரெடுத்த பெண், வாய் ஓயாதவள், தச்சு வேலை செய்யும் தன் அப்பாவைப் புரட்டினாள். அவருக்குத் தொப்பை பெரிது. "வயித்தை எங்கடி வைக்கறது, பரண்மேலயா?" என்று அவர் கத்திய பிறகு, நெஞ்சுக்கடியில் ஒரு தலையணை, இடுப்புக்கடியில் ஒரு தலையணை வைத்து வயிற்றை நடுவில் தொங்கவிடும் வழியை அவள் சீராகப் பழகிக்கொண்டாள். 'நெட்டை' என்கிற பையனின் அப்பா இரவுக் காவலாளி. திருப்பி முடிப்பதற்குள் குறட்டை விட்டுவிடுவார். 'அக்கா' என்று எல்லோரும் கூப்பிட்ட ஒருத்தி, கல்யாணமாகிக் குழந்தை பெற்ற பிறகு படிக்க வந்தவள், மாமியாரைத்தான் திருப்ப வேண்டியிருந்தது. "என் மருமக தினம் என்னைக் கவுத்துப் போடறா" என்று அந்த அம்மாள் வாசலில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்குத்தான் அவசரம் அதிகம். "இந்த வருஷத்தோட முடிச்சுட்டு வா. இன்னொரு வருஷம்னா வேண்டாம்" என்று புகுந்த வீட்டில் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். வார்டு வேலை பழகாமல் பரீட்சை எழுத முடியாது. அந்தப் பருவத்துக்குள் வார்டுக்குள் போகாவிட்டால் மொத்த வகுப்புக்கும் ஒரு வருடம் போய்விடும். மற்றவர்களுக்கு ஒரு வருடம்தான் போகும், அக்காவுக்குப் படிப்பே போய்விடும். டியூட்டருக்கு அது தெரியும். அவளுடைய தூக்கத்தில் கல் மாதிரி கிடந்தது அதுதான்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மாணவர்களை எடுப்பதா வேண்டாமா என்பதை வார்டு சிஸ்டரே தீர்மானிக்கலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டாராம். வார்டு சிஸ்டருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பேர் 'தாழ்ப்பாள்'. மருந்து அலமாரியையும் தன் முகத்தையும் எப்போதும் பூட்டியே வைத்திருப்பவர் என்று முந்தைய வகுப்பு சொல்லிவிட்டுப் போயிருந்தது.

தாழ்ப்பாள் பள்ளிக்கூடத்துப் பயிற்சி அறைக்கே வந்தார். ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, நடுவில் கட்டில் போட்டு, ஆள் உயர ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து, அதன் மூக்கிலிருந்து சுவருக்குக் குழாயும் இழுத்திருந்தார்கள். தாழ்ப்பாள் உட்காரவில்லை.

"போன்ல படிச்ச பிள்ளைங்க இவங்கதானா?"

"ஆமா சிஸ்டர்."

"போன்ல நீச்சல் கத்துக்கிட்டவங்களைக் கடல்ல இறக்கச் சொல்றாங்க. சரி, ஒரு அஞ்சு பேர் வாங்க. குப்புறத் திருப்புங்க."

தலைமாட்டில் ரேடியோ நின்றாள். தோள் அருகே இரண்டு பெண்கள், இடுப்பு அருகே நெட்டையும் அக்காவும். ரேடியோ தொண்டையைச் செருமி எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

அந்த மூன்றில் நடந்ததை அங்கிருந்த யாரும் மறக்க மாட்டார்கள். தோள் பக்கத்து இருவரும் பொம்மையை ஜன்னலை நோக்கித் திருப்பினார்கள். இடுப்பு பக்கத்து இருவரும், அதே உறுதியோடு, கதவை நோக்கித் திருப்பினார்கள். பொம்மையின் மேல்பாதி ஒரு திசையைப் பார்த்தது, கீழ்பாதி மறு திசையைப் பார்த்தது. இடுப்பில் படக்கென்று ஒரு சத்தம். திருகு ஒன்று தெறித்து உருண்டு தாழ்ப்பாளின் செருப்பருகே போய் நின்றது. சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்ட குழாய் ரேடியோவின் கையில் செத்த பாம்பு போலத் தொங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் குனிந்து திருகை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தார்.

"இது ரப்பர், மறுபடி மாட்டிக்கலாம். என் வார்டுல படுத்திருக்கறவங்களை மாட்ட முடியாது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "போயிட்டு வரேன் டியூட்டர்."

வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். ரேடியோவிடமிருந்துகூட ஒரு சத்தம் இல்லை.

"என்னாலதான் மிஸ். நான்தான் தப்பா இழுத்துட்டேன்" என்றான் நெட்டை.

"நானும் அதே பக்கம்தானே இழுத்தேன்" என்றாள் அக்கா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி மிஸ், நான் வீட்ல சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லப் போற?"

"முடிஞ்சு போச்சுன்னு. என் மாமியார்தான் சந்தோஷப்படுவாங்க. இனிமே நிம்மதியா மல்லாக்கப் படுக்கலாம்ல."

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். அது பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்த டியூட்டர் கைகால் கழுவிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்ட மகளிடம் பசியில்லை என்றாள். எங்கே தப்பு? அதே பாடம், அதே வாய், அதே கை. இரண்டு பேர் சரியாகவும் இரண்டு பேர் தலைகீழாகவும் எப்படிப் படிக்க முடியும்? மறதி என்றால் ஆளுக்கொரு விதமாக அல்லவா மறந்திருக்க வேண்டும்?

டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய போனில் பழைய பாடங்களை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நடிப்பைத் தானே ரசிப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டிருந்தது.

"இங்க வாயேன்."

"விடுங்க, தலை வலிக்குது."

"ஒரே ஒரு விஷயம். இது நான்தானே?"

"வேற யாரு?"

"அப்ப என் சட்டைப் பாக்கெட் எப்படி வலது பக்கம் வந்துச்சு? எந்த டெய்லர் இப்படித் தைப்பான்?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். போனுக்குள் டிரைவர் அழகாகத் தலை வாரிப் படுத்திருந்தார். பாக்கெட் வலது நெஞ்சில் இருந்தது. அதில் செருகிய பேனாவும் வலது பக்கம். மகன் கடிகாரம் கட்டியிருந்த கை மாறியிருந்தது. கண்ணாடியில் தெரிவது போல எல்லாமே இடம் மாறியிருந்தன. முகம் பார்க்கும் கேமரா, கண்ணாடி செய்கிற வேலையைச் செய்திருந்தது. வலது பக்கம் என்று அவளுடைய வாய் சொல்லிக்கொண்டிருக்க, கைகள் இடது பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தன.

கை வேலையைப் பிள்ளைகள் காதால் படிப்பதில்லை, கண்ணால்தான் படிக்கிறார்கள். நேர் வகுப்பில் பார்த்தவர்கள் சரியாகக் கற்றார்கள். படத்தில் பார்த்தவர்களும் பார்த்ததைச் சரியாகத்தான் கற்றார்கள். அவரவர் வீட்டில் தனித்தனியே பழகியதால் யாருக்கும் தெரியவில்லை. தப்பு பிள்ளைகளின் கையில் இல்லை. ஊறுகாய் ஜாடிமேல் இருந்தது.

படத்தில் பார்த்தவர்கள் யார் யார் என்று அவள் விரல்விட்டு எண்ணினாள். நெட்டை, அக்கா, அவர்களைப் போன்றவர்கள். கையில் குறைவாக இருந்தவர்களுக்கே குறையான பாடம் போய்ச் சேர்ந்திருந்தது.

அவளுக்கு ஒரு சின்னப் பிரார்த்தனை உண்டு. தினமும் கண்ணை மூடி, 'இன்னிக்கு என் கையால யாருக்கும் வலிக்கக் கூடாது' என்று ஒரே வரி. அன்றைக்குக் கண்ணை மூடினாள். அந்த ஒரு வரியும் முழுசாக வரவில்லை.

"நாளைக்குப் போய் சிஸ்டர்கிட்ட சொல்லப் போறேன்" என்றாள் கண்ணைத் திறந்து.

"சொன்னா உன் வேலைக்கு ஏதாவது ஆகுமா?"

"தெரியல. 'டியூட்டருக்கே வலது இடது தெரியலை'ன்னு பள்ளிக்கூடம் பூரா பேசுவாங்க."

டிரைவர் போனை மேசைமேல் வைத்தார். "பிரேக் பிடிக்கலைன்னா நாங்க பாசஞ்சரைத் திட்டறதில்ல. போய்ச் சொல்லிட்டு வா. சாப்பிட்டுட்டுப் போ, அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துப் படிக்கட்டில் தாழ்ப்பாள் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து கவச உடையைக் கழற்றிப் போட்டிருந்தார். மூக்கின்மேலும் கன்னத்திலும் மாஸ்க் அழுத்திய தழும்பு சிவந்திருந்தது. கையில் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. பூட்டுப் போடாத அந்த முகத்தை டியூட்டர் அன்றுதான் பார்த்தாள். அதில் இருந்தது கடுமை அல்ல, அசதி.

தள்ளி நின்று, சுற்றி வளைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். போன், ஜாடி, கேமரா, பாக்கெட் எல்லாம். "பிள்ளைங்க மேல ஒரு தப்பும் இல்ல சிஸ்டர். நான் காட்டினதை அப்படியே செஞ்சாங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க. அவங்களை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

தாழ்ப்பாள் டீயில் கட்டிய ஏட்டை விரலால் ஒதுக்கினார்.

"இந்த நோய் வந்ததுலேர்ந்து என்னைத் தேடி வர்றவங்க எல்லாம் அடுத்தவங்க தப்பைத்தான் தூக்கிட்டு வராங்க. டாக்டர் மருந்துக் கடையைச் சொல்றாரு, மருந்துக் கடை லாரியைச் சொல்லுது. நீ உன்னோடதையே தூக்கிட்டு வந்திருக்கே." டீயைக் கீழே வைத்தார். "எப்பவும் வலது பக்கம்னா சொல்லிக்குடுத்தே?"

"ஆமா சிஸ்டர்."

"அது பழைய வார்டு. புது வார்டுல எதிர் வரிசைக்குக் குழாய் இடது பக்கம். நீ நேரா காட்டியிருந்தாலும் பாதி பெட்டுல தப்பாத்தான் போயிருக்கும்."

டியூட்டர் தலை குனிந்தாள். ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வந்த இடத்தில் இரண்டாவது தப்பும் கையில் கிடைத்தது.

"என் ஆளுங்கள்ல பாதிப் பேர் படுத்துட்டாங்க. திருப்பறதுக்கு அஞ்சு கை சேரல. வர்ற திங்கக்கிழமை அதே அஞ்சு பேரைக் கூட்டிட்டு வா. ஒரே ஒரு பெட்டு தரேன். பொம்மை கிடையாது, ஆளு. நீயும் உள்ள வரலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாது, கை வைக்கக் கூடாது. சரியா வந்தா எல்லாப் பிள்ளைங்களும் வரலாம். சொதப்பினா மறுபடி என்கிட்ட வராதே." எழுந்து கொண்டவர் திரும்பிப் பார்த்தார். "டீ குடிச்சியா?"

"இல்ல சிஸ்டர்."

"உள்ள சொல்லிட்டுப் போறேன். குடிச்சுட்டுப் போ."

பிள்ளைகளை வரவழைத்து, முதல் காரியமாக டியூட்டர் அவர்களிடமும் அதையே சொன்னாள். நெட்டை முகம் மலர்ந்துபோனான். "அப்ப நான் முட்டாள் இல்லையா மிஸ்?" என்றான். "அது தனிக் கேஸ், அதுக்கும் கேமராவுக்கும் சம்பந்தம் இல்ல" என்றாள் ரேடியோ. அவளுக்குக் குரல் திரும்பிவிட்டிருந்தது.

இனி எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பாதிப் பேருக்குக் கையில் படிந்துவிட்ட பழக்கத்தை மாற்ற வேண்டும், இரண்டு வரிசைக்கும் பொருந்தவும் வேண்டும். வலது இடது என்று சொல்லச் சொல்லக் குழப்பம் கூடியது. எதிரெதிரே நிற்கிறவர்களுக்கு யாருடைய வலது?

"எங்க வீட்ல நான் வலது இடதே சொல்றதில்ல மிஸ்" என்றாள் ரேடியோ. "அப்பா கோவத்துல இருப்பாரு, வலதுன்னா உன் வலதா என் வலதாம்பாரு. டிவி பக்கம், பீரோ பக்கம்னுதான் சொல்லுவேன். சண்டையே வராது."

டியூட்டர் சுவரிலிருந்த குழாயைக் கையால் தொட்டாள். "இதுதான் நம்ம டிவி. எந்த பெட்டா இருந்தாலும் முதல்ல இது எங்கன்னு பாருங்க. 'குழாய் பக்கம்'னு சொல்லுங்க. அந்தப் பக்கம் நிக்கறவங்க கையைத் தூக்கிக் காட்டணும். கை தெரியாம யாரும் எண்ணவே கூடாது."

அந்த வாரம் முழுக்க அதுதான். கட்டிலைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள், ஆளை மாற்றினார்கள், குழாயை இடம் மாற்றினார்கள். பொம்மைக்கு இடுப்பு சரியில்லாததால் நெட்டையைப் படுக்கப் போட்டார்கள். கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஒவ்வொருவரும் நின்று பார்த்தார்கள். அக்கா நின்றபோது ஐந்து பேரும் ஒரே மூச்சில் அசைந்தார்கள். தலைமாடு அவளுக்கென்று ஆனது.

திங்கட்கிழமை வந்தது. கவச உடைக்குள் புகுந்த பிறகு யார் யாரென்றே தெரியவில்லை. நெஞ்சில் மை பேனாவால் பேர் எழுதிக்கொள்வது அந்த வார்டின் வழக்கம். சொந்தப் பேரெல்லாம் பதற்றத்தில் யாருக்கு ஞாபகம்? 'அக்கா', 'ரேடியோ', 'நெட்டை' என்றே எழுதிக்கொண்டு நின்றார்கள். தாழ்ப்பாள் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நடந்தார்.

வார்டுக்குள் மெஷின்களின் சத்தம்தான் பேச்சு. மனிதர்கள் பேசுவதை விட்டுவிட்டிருந்தார்கள், பேச மூச்சு மிச்சமில்லாததால் நோயாளிகளும், தெம்பு மிச்சமில்லாததால் நர்சுகளும். எதிர் வரிசையில் ஒரு கட்டிலருகே தாழ்ப்பாள் நின்றார். ஹோட்டல் சமையல் மாஸ்டர் ஒருவர், மலை மாதிரி படுத்திருந்தார். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்களும் பயந்துபோன குழந்தையின் கண்களாக இருந்தன. திரையில் அவருடைய ஆக்ஸிஜன் அளவு எண்பத்தைந்தைத் தாண்ட மறுத்தது.

"நேத்திலேர்ந்து ரெண்டு தடவை முயற்சி பண்ணியாச்சு. குப்புறன்னாலே கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கறாரு" என்றார் தாழ்ப்பாள் தணிந்த குரலில். "கம்பியை விட மாட்டேங்கறாரு. இதுதான் உங்க பெட்டு."

டியூட்டரின் கண் முதலில் குழாயைத் தேடியது. இடது பக்கம். அவர்களில் பாதிப் பேர் மாதக்கணக்காகப் பழகியதற்கு நேர் எதிர். சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அன்றைக்கு அவளுடைய பிரார்த்தனையில் ஒரு சொல் மாறியிருந்தது: 'இவங்க கையால யாருக்கும் வலிக்கக் கூடாது.'

ஐந்து பேரும் அவரவர் இடத்தில் நின்றார்கள். ஆனால் யாரும் அவரைத் தொடவில்லை. அக்கா குனிந்து அவர் காதருகே போனாள்.

"ஐயா, என் பேரு அக்கா. உங்களைத் தொடப் போறேன். தோள்லதான் கை வைக்கறேன், சரியா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"குப்புறப் படுக்கறது பயமா இருக்குமுங்க. தினமும் என் மாமியாரைத் திருப்புவேன், என்னைத் திட்டாத திட்டு கிடையாது."

மாஸ்க்குக்குள்ளிருந்து கரகரத்து ஒரு குரல் வந்தது. "வயிறு... எங்க... வைக்கறது?"

"அதை எங்கிட்ட விட்டுடுங்க மாஸ்டர்" என்றாள் ரேடியோ, இடுப்பருகே இருந்து. "எங்கப்பாவுக்கு உங்களைவிடப் பெருசு. நெஞ்சுக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒண்ணு, நடுவுல ஜம்முனு தொங்கும். அமுங்காது."

"கழுத்து இந்தப் பக்கம் சாஞ்சிருக்கும், வலிச்சா விரலை ஆட்டுங்க" என்றான் நெட்டை. "எங்கப்பா தூங்கியே போயிடுவாரு."

தோள் பக்கத்துப் பெண்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். எந்தக் கை எங்கே வரும், எது ஜில்லென்றிருக்கும், எந்த நேரத்தில் மூச்சு ஒரு நிமிடம் முட்டும், அது உடனே சரியாகும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வார்டில் எல்லாத் தலையும் திரும்பியது.

டியூட்டருக்கு அப்போதுதான் விளங்கியது. ரப்பர் பொம்மையில் பழகியவர்கள் பேசாமல் பழகுவார்கள். பொம்மைக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது பயப்படாது, திட்டாது. இவர்களோ திட்டுகிற ஆட்களின்மேல் கை பழகியவர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் அப்பாவைப் புரட்டினால் என்ன கிடைக்கும் என்று அறிந்தவர்கள். தொடுவதற்கு முன் சொல்வது அவர்களுக்குப் பாடமாக வரவில்லை, வீட்டுப் பழக்கமாகவே வந்திருந்தது. குறைபட்டது என்றே தான் நினைத்து அழுத இந்த வருடத்திலும் கடவுள் பிள்ளைகளின் கையில் ஒன்றை வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார்.

சமையல் மாஸ்டர் ரேடியோவின் நெஞ்சில் எழுதியிருந்ததைப் படித்தார். மாஸ்க்குக்குள் ஏதோ அசைந்தது.

"பேரு... சரியாத்தான்... வச்சிருக்காங்க."

கட்டில் கம்பியிலிருந்து அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன.

அக்கா நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள். "குழாய் பக்கம் யாரு?"

இடது பக்கத்திலிருந்து இரண்டு கைகள் உயர்ந்தன.

"எல்லாரும் பாத்தீங்களா? முதல்ல எதிர்ப்பக்கம் நகத்தறோம். அப்புறம் குழாய் பக்கம் திருப்பறோம். ஐயா, மூணு சொன்னதும் நகருவீங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு."

அந்தப் பெரிய உடம்பு விரிப்போடு ஓரத்துக்கு நகர்ந்தது. மறுபடி எண்ணினாள். அவர் ஒருக்களித்தார். தலையணைகள் உள்ளே போயின. மூன்றாம் முறை எண்ணினாள். பத்துக் கைகளும் ஒரே கை மாதிரி அசைந்தன. குழாய் ஒரு சுருக்கமும் இல்லாமல் அவரோடு சேர்ந்தே வந்தது. சமையல் மாஸ்டர் குப்புறக் கிடந்தார். அவருடைய கன்னத்துக்கும் தலையணைக்கும் நடுவே அக்காவின் கை இன்னும் இருந்தது.

"முடிஞ்சுதுங்க. நல்லா இருக்கீங்களா?"

விரல் ஒன்று மெல்ல ஆடியது. நெட்டை பதறிக் கழுத்தைச் சரி செய்தான். விரல் நின்றது.

திரையில் எண் முதலில் இரண்டு படி இறங்கியது. பிறகு எண்பத்தாறு. எண்பத்தெட்டு. அங்கேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. தொண்ணூறு. டியூட்டர் திரையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தபோது தொண்ணூற்று மூன்றாக இருந்தது. கண்ணாடிக்குள் அவளுக்கு எல்லாம் மங்கிவிட்டது, துடைக்கவும் வழியில்லை. கவச உடைக்குள் அழுகிறவர்கள் அழுதுகொண்டேதான் நிற்க வேண்டும்.

வார்டின் மறு கோடியிலிருந்து ஒரு நோயாளி கையைத் தூக்கினார். பேச முடியாத மனிதர். தன்னையும், பிறகு அந்த ஐந்து பேரையும் விரலால் காட்டினார்.

"என்ன வேணும் அவருக்கு?" என்று கேட்டார் தாழ்ப்பாள்.

அங்கே நின்ற நர்சு சொன்னாள்: "அவரையும் திருப்பணுமாம் சிஸ்டர். இந்தப் பிள்ளைங்கதான் திருப்பணுமாம். காலையில நாங்க கேட்டப்ப மாட்டேன்னு தலையை ஆட்டினாரு."

தாழ்ப்பாள் டியூட்டரிடம் திரும்பினார். முகம் மாஸ்க்குக்குள் இருந்ததால் பூட்டா திறப்பா என்று தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது.

"மத்த பிள்ளைங்க எத்தனை பேர் இருக்காங்க?"

டியூட்டர் பதில் சொல்லவில்லை.

"கேக்கறேன்ல?"

"வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க சிஸ்டர்."

தாழ்ப்பாளின் தோள்கள் ஒரு முறை குலுங்கின. அந்த வார்டில் அவர் சிரித்ததை யாரும் பார்த்ததில்லை, அன்றைக்கும் பார்க்கவில்லை, ஆனால் கேட்டார்கள். "இப்ப திற. எல்லாரையும் நாளைக்கே வரச் சொல்லு. ரெண்டு ஷிஃப்டாப் பிரிச்சுக்கலாம். அந்த அக்கா பொண்ணு காலை ஷிஃப்டு. என் ஆளுங்களுக்கும் அந்தக் குழாய் பக்கக் கணக்கைச் சொல்லிக்குடுக்கட்டும்."

அக்கா அதைக் கேட்டாள். ஒரு கணம் சுவரில் கை ஊன்றி நின்றாள். பிறகு சமையல் மாஸ்டரின் முதுகில் போர்வையை இழுத்துவிட்டு, "நாளைக்கு வந்து பாக்கறேங்கய்யா" என்றாள்.

மறு கோடியிலிருந்த மனிதர் இன்னும் கையை இறக்கவில்லை. ஐந்து பேரும் அவரை நோக்கி நடந்தார்கள்.

"இந்த பெட்டுக்கு நான்தான் தலைமாடு" என்றாள் ரேடியோ.

"நீ நின்னா எண்ணி முடிக்கறதுக்குள்ள அவருக்குக் கதை சொல்ல ஆரம்பிச்சுடுவே" என்றான் நெட்டை.

"சொல்லுவேன்டா. அதுக்குத்தானே கூப்பிடறாரு."